விளையாட்டில் பிறக்கும் கலைச்சொற்கள்

கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் மோகனூருக்குச் செல்பவர்கள், கரும்புக் கட்டுகளை ஏற்றிய லாரிகளையும் டிராக்டர்களையும் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள ஊர் இது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊரும் இதுவே. கோபித்துக்கொண்டு சென்ற முருகனைப் பெற்றோர் 'மகனே' என்று கூவி அழைத்த இடமாதலால் 'மகனூர்' ஆகி, அதுவே மோகனூர் ஆயிற்று என்று ஊர்க்காரர்கள் கூறுவார்கள். சொல்லாராய்ச்சியாளர்கள் இதனை ஏற்பார்களா என்பது வேறு. ஒரு சொல்லைக் கண்டால் அதைப் பிரித்து, சேர்த்து, கதை கட்டிப் பார்க்கும் ஆசை மக்களுக்கு இயல்பாகவே உண்டு என்பதற்கு அக்கதை சான்று.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூர்க் காவிரிக்கரையை அடுத்த தேநீர்க் கடையொன்றில் நண்பர்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கரும்பு பயிரிடுபவர், ஒருவர் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்பவர், நான்காமவன் நான். செய்தித்தாளில் 'கரும்பின் பிழிதிறன் குறைந்தது' என்று ஒரு தலைப்பு இருந்தது. கரும்புக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியாரே, இதென்னுங்க பிழிதிறன்? யாரைப் பிழியற திறனுங்க?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு முழுக் கட்டுரைக்குரிய விஷயம் இருந்தது. அதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஒரு சொல்லும் ஒரு பழியும்

ஆங்கிலத்தில் 'ரிகவரி' என்று ஆலைக்காரர்கள் கூறுவதையே பத்திரிகைகள் சில வேளைகளில் பிழிதிறன் என்று எழுதுகின்றன. நூறு கிலோ கரும்பை அரைத்தால் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே அதன் பொருள். கரும்பின் விலை இந்த எண்ணைச் சார்ந்தது. 2024-25 அரவைப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். அது 10.25 சதவீத ரிகவரிக்கு உரிய விலை. அதற்குமேல் கூடும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு 3 ரூபாய் 32 காசு கூடுதல். ஆகவே இது விஞ்ஞானச் சொல் மட்டுமன்று. வீட்டுச் செலவைத் தொடும் சொல்லும் ஆகும்.

இந்த எண் எவற்றைப் பொறுத்தது? கரும்பின் இரகம், வயது, அதற்குக் கிடைத்த நீர், உரம் ஆகியவற்றைப் பொறுத்தது. வெட்டிய பின் எத்தனை மணி நேரம் கழித்து அரைக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால், அதிலுள்ள சுக்ரோஸ் என்னும் சர்க்கரை நொதியின் செயலால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடுகிறது. பிரிந்தவை ஆலையில் படிகமாகத் திரள்வதில்லை. இறுதியாக, ஆலை எவ்வளவு நன்றாகப் பிழிகிறது, சக்கையோடும் கழிவுப் பாகோடும் எவ்வளவு சர்க்கரை வீணாகிறது என்பதையும் பொறுத்தது. அதாவது வயல், சாலை, ஆலை ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் எண் அது.

இப்போது 'பிழிதிறன்' என்ற சொல்லைப் பாருங்கள். பிழிவது ஆலை, திறன் அதனுடையது. ஆகவே எண் குறைந்தால் ஆலைதான் குற்றவாளி என்று அச்சொல் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. கரும்பு பயிரிடுவோரிடையே வழங்கும் சொல் வேறு. அவர்கள் 'சர்க்கரைக் கட்டுமானம்' என்பார்கள். அரசு அறிவிப்புகளிலும் அது இடம்பெறுகிறது. அது கரும்புக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. எண் குறைந்தால் கரும்பின் மேல் பழி விழுகிறது. ஒரே அளவுக்கு இரண்டு சொற்கள். இரண்டும் பழியை வெவ்வேறு வாசலில் கொண்டுபோய் வைக்கின்றன!

கலைச்சொல் என்பது வெறும் பெயர்ச்சீட்டு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் நம்மை அறியாமலேயே ஒரு கருத்தை நம் தலைக்குள் வைத்துவிடுகிறது.

மக்கள் நடத்தும் பட்டறை

சொல் ஆக்குவது புலவர்களுக்கும் நிபுணர் குழுக்களுக்கும் மட்டுமே உரிய வேலை என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இது தவறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து மிளகாய் வந்தபோது, அதற்குப் பெயரிட யாரும் குழு அமைக்கவில்லை. மிளகைப்போல் காரமாக இருந்தது, காயாக இருந்தது, மிளகு காய், மிளகாய் ஆயிற்று. சுவை, வடிவம் இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு உரிய உதாரணம் ஒன்று உண்டு. இங்குள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு உயிர்நாடியான கிழங்கு, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மரம்போல் நிற்பதால் ஏட்டில் அதற்கு மரவள்ளிக் கிழங்கு என்று பெயர். கொங்கு நாட்டு உழவர் அதைக் குச்சிக்கிழங்கு என்றார். விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டைக் குச்சிகளாக வெட்டி நடுகிறார்கள். தாவர நூலார் 'உடல இனப்பெருக்கம்' என்று ஒரு பாடம் நடத்திச் சொல்வதை, குச்சி என்ற மூன்று எழுத்துக்குள் உழவர் வைத்துவிட்டார். பயிரிடும் முறையே பெயராகிவிட்டது.

உரங்களின் பெயர்கள் இன்னும் சிறப்பானவை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். வேளாண்மைத் தமிழில் அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. இலையும் தண்டும் செழிக்க முதலாவது. மணி பிடிக்க இரண்டாவது. மூன்றாவது சாம்பலில் இருப்பது. தாவர உடலியல் அவ்வளவு எளிமையானதன்று என்பது உண்மையே. மணிச்சத்து வேர் வளர்ச்சிக்கும் தேவை. ஆனாலும் எந்தக் குறைக்கு எதை இடவேண்டும் என்ற முதல் பாடத்தை இப்பெயர்களே கற்பித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'பொட்டாஷ்' என்பதும் பானைச் சாம்பல் என்ற பொருளுடையதுதான். சாம்பலைக் கரைத்துப் பானையில் காய்ச்சி எடுத்ததால் வந்த பெயர் அது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே அடுப்படியில் நின்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

சிறுவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 'க' பாஷை பேசாத பள்ளிப் பருவம் உண்டோ? ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்து, 'நீ வா' என்பதைக் 'கநீ கவா' என்று மின்னல் வேகத்தில் பேசுவார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்காது. இது வெறும் குறும்பு என்று தள்ளிவிடக்கூடாது. ஒரு சொல்லை அசைகளாகப் பிரிக்கவும், விதி தவறாமல் புதிய ஒலி சேர்க்கவும், கேட்டதை அதே வேகத்தில் மீட்டுப் புரிந்துகொள்ளவும் அச்சிறுவன் பழகியிருக்கிறான். இலக்கணம் படிக்குமுன்பே இலக்கணத்தை விளையாடிப் பார்த்துவிட்டான். இந்தத் திறமையை வகுப்பறை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம் என்பதே என் குறை.

சேலத்தில் ஒரு முயற்சி

நண்பர்கள் கூடிச் சொல் ஆக்கிய வரலாறு நம் பகுதிக்குப் புதிதன்று. 1916-ஆம் ஆண்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த சி. இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் அதற்குரிய சொற்களை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சங்கத்துக்கென ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. புதுச்சேரியில் இருந்த பாரதியார் இம்முயற்சியைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். அரசாங்க ஆணை இல்லை. பல்கலைக்கழக மானியம் இல்லை. ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்தவர்கள் இதைச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போது வியப்பு உண்டாகிறது.

வியப்போடு நின்றுவிட்டால் அது விமர்சனம் ஆகாது. அம்முயற்சியின் குறை என்ன? தமிழ்ச் சொற்களுக்காக நடந்த அப்பத்திரிகை ஆங்கிலத்தில் நடந்தது. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. அன்று விஞ்ஞானம் கற்றவர்கள் அதை ஆங்கிலம் வழியாகவே கற்றிருந்தனர். அவர்கள் கருத்தைப் பெற அம்மொழியே வசதியாக இருந்திருக்கும். ஆனால் அதன் விளைவு வேறு. ஆங்கிலம் அறியாத வைத்தியர், தச்சர், கொல்லர், சாயக்காரர், வெல்லம் காய்ச்சுபவர் ஆகியோர் அந்த உரையாடலுக்குள் வர வழியில்லை. பொருள்களோடு நாள்தோறும் பழகி, அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தவர்கள் இவர்களே.

கொப்பரையில் கொதிக்கும் சாறு எப்போது பாகாகிறது, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், எது உருண்டை வெல்லத்துக்கு ஆகும், எது அச்சு வெல்லத்துக்கு ஆகும் என்பதற்கெல்லாம் காவிரிக்கரை ஆலைக் கொட்டகைகளில் சொற்கள் உண்டு. 'பதம்' என்ற ஒரு சொல்லுக்குள் வெப்பநிலை, அடர்த்தி, பிசுபிசுப்பு ஆகிய மூன்றும் இருக்கின்றன. இத்தகைய சொல்வளம் எழுத்துக்கு வரவேண்டுமானால், அந்தக் கொட்டகைக்காரரும் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று வேண்டும்.

சங்கத்தின் பெயரே இன்னொரு பாடம். 'சாஸ்திரம்' பின்னர் 'விஞ்ஞானம்' ஆகி, இன்று பாடநூல்களில் 'அறிவியல்' ஆகிவிட்டது. 'பரிபாஷை'யின் இடத்தில் 'கலைச்சொல்' வந்துவிட்டது. சொல்லை நிலைநிறுத்தப் புறப்பட்ட சங்கத்தின் பெயரிலிருந்த சொற்களே நிலைக்கவில்லை. இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. எந்தச் சொல் நிலைக்கும் என்பதை ஆக்கியோன் முடிவு செய்வதில்லை என்பதே இதன் கருத்து.

ஆனால் அவ்விருவருள் ஒருவரான இராஜாஜியே பிற்காலத்தில் இரசாயனத்தை எளிய தமிழில் சொல்ல ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'திண்ணை ரசாயனம்'. எவ்வளவு பொருத்தமான பெயர்! சங்கம் என்றால் உறுப்பினர் மட்டும் வரலாம். திண்ணையில் யாரும் உட்காரலாம்.

பாரதியார் பட்ட பாடு

உறுப்பினர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடிப் பாரதியார் பட்ட பாட்டை அவரே ஒரு கட்டுரையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். ஒன்று பொருந்தவில்லை, ஒன்று மக்களுக்குப் புரியாது. வெகுநேரம் யோசித்தும் மனம் ஒப்பாமல், கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதி விட்டுவிடுகிறார்.

எனக்கு இது மிகவும் பிடித்த தோல்வி. மகாகவிக்கே ஒரு சொல் கிடைக்கவில்லை என்பதற்காக அன்று. கிடைக்காததை அவர் மறைக்கவில்லை என்பதற்காக. நண்பனிடம் பேசுவதுபோல், 'இது சரியா, அது சரியா' என்று வாசகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுகிறார். பின்னர் நிலைத்த சொல் 'உறுப்பினர்'. 'உறுப்பாளி' வரை அவர் வந்துவிட்டார். விகுதி ஒன்றுதான் மாற வேண்டியிருந்தது. 'ஆளி' என்றால் நோயாளி, கடனாளி என்று சில வேண்டாத உறவினர்களும் கூடவே வந்து நிற்கிறார்கள். 'இனர்' என்றதும் மரியாதை வந்துவிட்டது. ஒரு சொல்லின் வாழ்வும் சாவும் சில வேளைகளில் இத்தனை சிறிய இடத்தில் தீர்மானமாகின்றன.

சங்கம் தோன்றிய அதே 1916, மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய ஆண்டாகவும் குறிக்கப்படுகிறது. 1934-இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. 1940-இல் சென்னை மாகாண அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொற் குழு ஒன்றை அமைத்தபோது, தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கிலச் சொல்லா என்பதே பெரிய வாதமாக இருந்தது. அந்த வாதம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். நாம் இன்று இயல்பாக எழுதும் பல நல்ல தமிழ்ச் சொற்கள் அதன் பயனே. ஆனால் வேரைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கனியைப் பற்றிப் பேசவில்லை. மாணவன் இச்சொல்லை வைத்துக்கொண்டு சிந்திக்க முடிகிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

விஞ்ஞானிகளும் விளையாடினார்கள்

விளையாட்டாகப் பெயர் வைப்பது விஞ்ஞானத்தின் மதிப்புக்குக் குறைவு என்று சிலர் கருதக்கூடும். விஞ்ஞானிகள் அப்படிக் கருதவில்லை. 1942 டிசம்பரில், அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலோவே, பேக்கர் என்னும் இரு பௌதிக அறிஞர்கள் இரவு உணவருந்திக்கொண்டே ஒரு பெயர் தேடினார்கள். அணுக்கரு தன்மேல் வந்து மோதும் துகளுக்குக் காட்டும் இலக்கின் பரப்பை அளக்க ஓர் அலகு வேண்டியிருந்தது. ஓப்பன்ஹைமரின் பெயரை வைக்கலாமா? மிக நீளம். பெத்தேயின் பெயர்? பீட்டா என்ற கிரேக்க எழுத்தோடு குழம்பும். முடிவில், வைக்கோலும் தானியமும் அடைக்கும் பெரிய கொட்டகையைக் குறிக்கும் 'பார்ன்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். யுரேனியம் அணுக்கரு அந்த அளவுலகில் கொட்டகை அளவு பெரியது. குறி தப்பாது என்பது கேலி!

கேலியாகப் பிறந்த அந்தச் சொல் இன்றும் அணுக்கருப் பௌதிகத்தில் வழங்குகிறது. ஆனால் அதன் அளவு என்ன? ஒரு சதுர சென்டிமீட்டரை, 1-க்குப் பின் 24 சுழிகள் கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைக்கும் பரப்பு. அதில் மயிரிழை பிசகில்லை. பெயர் விளையாட்டு, பொருள் விளையாட்டன்று. கலைச்சொல் ஆக்குவோர் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க விதி இது.

1834-இல் மைக்கேல் பாரடே மின்பகுப்பு ஆராய்ச்சியில் புதிய சொற்கள் தேவைப்பட்டபோது, கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் கடிதங்களில் சொற்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடியதன் பயனே ஆனோடு, கதோடு, அயான் முதலியவை. 'அயான்' என்பதற்குக் கிரேக்க மொழியில் செல்வது என்று பொருள். தமிழில் அதற்கு வழங்கும் 'அயனி' என்ற சொல் எவ்வளவு அழகாக அமைந்துவிட்டது பாருங்கள். ஒலியில் அயானுக்கு அருகில் நிற்கிறது; பொருளில் உத்தராயணம், தட்சிணாயனம் என்பவற்றிலுள்ள 'அயனம்', அதாவது செல்கை, அதற்குள் இருக்கிறது. 'டீ' என்ற ஒலியையும் 'நீர்' என்ற பொருளையும் சேர்த்து வைத்த 'தேநீர்' போன்றது இது. இவ்வகைச் சொற்கள் இரண்டு கால்களில் நிற்பதால் எளிதில் விழுவதில்லை.

நான்கு சோதனைகள்

ஆக்கிய சொல் நல்லதா என்று எப்படி அறிவது? நான் நான்கு சோதனைகளைக் கூறுவேன்.

முதலாவது, பொருளின் நிலையான பண்பைப் பிடித்திருக்கிறதா? 'புகைவண்டி' அழகான சொல். ஆனால் நீராவி இன்ஜின்கள் போன பின் புகை எங்கே? ரயில் என்றே பேசுகிறோம்; எழுத்தில் தொடர்வண்டி என்றும் வந்துவிட்டது. குச்சிக்கிழங்குக்கு இந்த ஆபத்து இல்லை. குச்சியை நடும் வரை அது குச்சிக்கிழங்கே.

இரண்டாவது, நாக்கு ஏற்கிறதா? இதைக் காகிதத்தில் சோதிக்க முடியாது. நாலு பேர் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். சைக்கிளுக்கு 'ஈருருளி' என்றொரு சொல் உண்டு. பொருளில் குற்றமில்லை, அவசரத்தில் சொல்லிப் பாருங்கள், நாக்கு உருண்டுவிடும். காப்பிக்குக் 'குளம்பி' என்றதும் மாட்டுக் குளம்பு வந்து நிற்கிறது, சிரிப்போடு சரி. இந்தச் சிரிப்பைக் கோபிக்கக்கூடாது. அது இலவசமாகக் கிடைக்கும் சோதனைச்சாலை.

மூன்றாவது, கிளை விடுகிறதா? 'மின்' என்ற ஒரு வேரிலிருந்து மின்சாரம், மின்கலம், மின்விசிறி, மின்தடை என்று தொடங்கி, மின்னஞ்சல், மின்னூல் வரை எத்தனை கிளைகள்! சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1990-களில் வழங்கிய 'இணையம்' என்ற சொல்லும் இணையதளம், இணையவழி என்று தழைத்துவிட்டது. கிளை விடாத சொல் பூச்சாடியில் வைத்த செடி. அழகாக இருக்கும், தோப்பாகாது.

நான்காவது, தவறான கருத்தைப் புகுத்துகிறதா? பிழிதிறன் தோற்பது இங்கேதான். இதில் நாம் மட்டும் தவறு செய்யவில்லை. 'ஆக்ஸிஜன்' என்றால் அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று லவாய்ஸியே நம்பியதால் இட்ட பெயர். உப்பு அமிலத்தில் ஆக்ஸிஜன் இல்லை என்பதை 1810-இல் டேவி காட்டினார். பெயர் மட்டும் மாறவில்லை. நம்முடைய 'பிராணவாயு' அந்த அளவில் உண்மைக்கு அருகிலேயே இருக்கிறது.

தமிழ்வழி மாணவனுக்கு என்ன பயன்?

இவ்வளவும் தமிழ்வழியில் பயிலும் மாணவனுக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். அவன் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடநூலில் எலக்ட்ரான் என்று படிக்கிறான். வேறொரு நூலில் அது மின்னணு, இன்னொன்றில் எதிர்மின்னி, யாழ்ப்பாணத்து நூல் கையில் கிடைத்தால் இலத்திரன். கல்லூரிக்குப் போனால் எல்லாமே ஆங்கிலம். சொல்லை மனப்பாடம் செய்தவன் ஒவ்வொரு திருப்பத்திலும் வழி தவறுகிறான். 'தமிழில் படித்தது வீண்' என்று மனம் நொந்து சொல்லும் மாணவர்களை நான் அறிவேன். அவர்கள் இழந்தது அறிவை அன்று, பெயர்ப்பலகைகளை. ஆனால் அந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு பொருளுக்குப் பெயர் வைக்க ஒருமுறையேனும் முயன்றவன் இவ்வாறு தடுமாறமாட்டான். ஏனெனில் பெயர் வைப்பதற்கு முன் அப்பொருள் என்ன, எது அதன் முக்கியப் பண்பு, எது தற்செயல் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அப்படிப் பிரித்தறிவதற்கே விஞ்ஞானம் என்று பெயர். அவன் வைத்த பெயர் நிலைக்காமல் போகலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்த்தான் விடும். பெயர் உதிர்ந்தாலும் கருத்து தங்கிவிடும்.

அமெரிக்கக் கணித அறிஞர் காஸ்னர், 1-க்குப் பின் நூறு சுழிகள் கொண்ட எண்ணுக்குப் பெயர் கேட்டது ஒன்பது வயதான தம் சகோதரி மகனிடம். சிறுவன் சொன்ன 'கூகோல்' அகராதி ஏறிவிட்டது. நம் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளை, பாடத்தில் வரும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, 'நீங்களாக இருந்தால் என்ன பெயர் வைப்பீர்கள்?' என்று கேட்டால் என்ன? கரும்பலகையில் எல்லாச் சொற்களையும் எழுதட்டும். சிரிக்க வேண்டியதற்குச் சிரிக்கட்டும். இறுதியில் பாடநூற் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஆசிரியர் பக்கத்தில் எழுதட்டும். தேர்வில் எழுத வேண்டியது அதுவே என்பதில் மயக்கம் இருக்கக்கூடாது. தற்படத்துக்குத் 'தாமி', 'தம்படம்', 'சுயமி' என்றெல்லாம் இளைஞர்கள் பெயர் சூட்டிப் பார்க்கிற காலம் இது. அந்த உற்சாகத்தில் ஒரு பங்கு சவ்வூடு பரவலுக்கும் நிலைமத்துக்கும் கிடைத்தால் போதும்.

மீண்டும் தேநீர்க் கடை

அன்று நாங்களும் ஒரு சொல் தேடினோம். 'ரிகவரி' என்றால் மீட்பு. ஆகவே 'சர்க்கரை மீட்பு' என்றேன் நான். "கரும்பு எங்கீங்க களவு போச்சு, மீக்கறதுக்கு?" என்றார் கரும்புக்காரர். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைப்பவனுக்குக் கிடைத்த தண்டனை அது. 'சர்க்கரைப்பேறு' என்றார் ஆசிரியர். கரும்புக்குப் பிரசவமா என்று பட்டறைக்காரர் கேட்டதும் அதுவும் போயிற்று. கட்டுமானமே இருக்கட்டும் என்றோம். வெளியூர்க்காரனுக்கு அது கட்டடம் கட்டுவது என்றுதான் படும் என்று அவரே மறுத்தார்.

அப்போது கரும்புக்காரர் இயல்பாகச் சொன்னார்: "நூறு கிலோ போட்டா எத்தனை தேறுமுங்கறதுதானுங்களே கணக்கு?" ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேறும்! எல்லாக் கழிவும் போக மிஞ்சி நிற்பதைத் தமிழன் 'தேறுவது' என்கிறான். யார்மேலும் பழி இல்லை. வயலும் சாலையும் ஆலையும் அதில் அடங்கும். 'தேறல்' என்று வைக்கலாமா? பழந்தமிழில் தேறல் என்பது தெளிந்த கள். கழிவுப் பாகு சாராய ஆலைக்குப் போவதால் அதுவும் பொருத்தமே என்று ஒரு சிரிப்பு. முடிவில் வருமானம், பெறுமானம் என்பவற்றின் வரிசையில் 'தேறுமானம்' என்று வைத்தோம். 'இந்த ஆண்டுத் தேறுமானம் பத்தேகால்.' சொல்லிப் பார்த்தோம், நாக்கு ஏற்றது.

பட்டறைக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "போன்ல கேட்டா 'தேய்மானம்'னு காதுல விழுமுங்க." உண்மைதான். கூடுவதைச் சொல்ல வந்த சொல், குறைவதைச் சொல்லும் சொல்லோடு குழம்பினால் அதைவிடக் கெடுதல் வேறில்லை. என் நான்காவது சோதனையில் எங்கள் சொல்லே தடுமாறிற்று. ஆகவே அதை வாசகர்கள் ஏற்கவேண்டும் என்று நான் பரிந்துரைக்கவில்லை. இதைவிட நல்ல சொல் உங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் பிறக்கக்கூடும்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின், சுக்ரோஸ் ஏன் சிதைகிறது, வெட்டிய கரும்பு ஏன் காத்திருக்கக்கூடாது, சக்கையில் எவ்வளவு போகிறது என்பவற்றை நாங்கள் நால்வரும் ஐயமின்றி அறிந்திருந்தோம். அடுத்த அரவையின்போது கரும்புக்காரர் வெட்டுக்கு ஆள் வருமுன்பே வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டதாகக் கூறினார். சொல் நிலைக்காவிட்டாலும், அவருக்குச் சர்க்கரை தேறும்.